வெளிநாட்டில் பசித்திருக்கும் குழந்தைகளுக்கு உணவு: இங்கிருந்தே பொட்டலம் கட்டுவதா, நேரில் போவதா?

கேள்வி: ஈகன்வாசி

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் மினசோட்டா மாநிலத்தின் ஈகன் நகரில் குடியிருக்கிறோம். மூத்தவள் பத்தாம் வகுப்பிலும் இளையவன் மூன்றாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமான யூஎஸ்எய்ட் 2025 ஜூலை 1 அன்று மூடப்பட்டதிலிருந்து, ஆப்பிரிக்க நாடுகளின் உணவு உதவி பற்றி வரும் செய்திகளையெல்லாம் மகள் விடாமல் படித்து வருகிறாள். "நம் வீட்டிலிருந்து என்ன செய்யப் போகிறோம்?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்கிறாள். பணம் அனுப்புகிறோம் என்று சொன்னால் அவளுக்குத் திருப்தி இல்லை. தன் கையால் ஏதேனும் செய்ய வேண்டும் என்கிறாள்.

எங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஃபீட் மை ஸ்டார்விங் சில்ட்ரன் என்ற அமைப்பின் கூடம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே குடும்பமாகப் போய் உணவுப் பொட்டலம் கட்டிக் கொடுக்கலாம். அடுத்தது, மகளின் தோழி குடும்பத்தார் செல்லும் தேவாலயத்திலிருந்து வரும் ஜூலை மாதம் ஒரு குழு பத்து நாள் பயணமாக மலாவி நாட்டுக்குப் போகிறது. பள்ளிகளில் உணவு பரிமாறுவதும் கிராமங்களில் மளிகைப் பைகள் வழங்குவதும் அவர்கள் திட்டம். ஆளுக்கு ஏறத்தாழ 3,500 டாலர் ஆகும் என்கிறார்கள். நானும் மகளும் அதில் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

எனக்கு மூன்று ஐயங்கள். நாங்கள் சைவம், பொட்டலத்தில் இறைச்சி கலந்திருக்குமா? இது கிறிஸ்தவ அமைப்பு என்பதால் வேற்று மதத்தவருக்குச் சங்கடம் ஏதும் உண்டா? எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்விரண்டில் எது அந்தக் குழந்தைகளுக்கு உண்மையில் பயன்படும், எது நம் மனத் திருப்திக்கு மட்டும் பயன்படும்? அனுபவம் உள்ளவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: ஆப்பிள்வேலி அம்மா

வணக்கம் சகோதரரே. எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சிலர் சேர்ந்து இந்தக் கூடத்துக்கு அவ்வப்போது போய் வருகிறோம். முதலில் தங்கள் சைவக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பொட்டலத்தில் போவது அரிசி, சோயா, உலர்ந்த காய்கறித் துண்டுகள், வைட்டமின்களும் தாதுக்களும் கலந்த ஒரு பொடி ஆகிய நான்குதான். அந்தப் பொடிக்குக் கோழிக்குழம்புச் சுவை இருக்கும். ஆனால் அதில் கோழி கிடையாது. கூடத்துக்குள் நுழைந்தவுடன் அந்த வாசனை மூக்கில் ஏறுவதால்தான் நம்மவர்கள் பலர் முதல் நாளில் திடுக்கிடுகிறார்கள்.

வேலை கடினமானதன்று. மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, தலைக்கு வலைத்தொப்பி போட்டு, கையை நன்றாகக் கழுவிக்கொண்டு மேசைக்கு வர வேண்டும். ஒருவர் பையைப் புனலின் வாயில் பிடித்துக்கொள்வார். மற்றவர்கள் வரிசையாகப் பொடி, காய்கறி, சோயா, அரிசி என்று ஒவ்வொரு அளவுக் கரண்டியாகக் கொட்டுவார்கள். அடுத்தவர் தராசில் வைத்து, எடை கூடினால் சிட்டிகை அரிசியை எடுப்பதும் குறைந்தால் போடுவதுமாக நிற்பார். பிறகு பையின் வாயைச் சூட்டில் ஒட்டிப் பெட்டியில் அடுக்குவார்கள். ஒரு பையில் ஆறு பேருக்கான உணவு, ஒரு பெட்டியில் 36 பைகள், ஆகப் பெட்டிக்கு 216 வேளை உணவு. ஐந்து வயது நிரம்பிய குழந்தைகளைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதால் தங்கள் இளைய மகனும் தாராளமாக வரலாம். அரிசிக் கரண்டியை அவனிடம் கொடுங்கள், அதற்குத்தான் பிள்ளைகளிடையே போட்டி நடக்கும்.

வழிபாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அமைப்பு தன்னைக் கிறிஸ்தவ அமைப்பு என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொள்கிறது. இறுதியில் கட்டி முடித்த பெட்டிகளின் முன் நின்று பிரார்த்தனை செய்வார்கள். சேர்ந்துகொள்ளும்படி யாரும் வற்புறுத்துவதில்லை. நான் கைகட்டி அமைதியாக நிற்பேன். பசித்த குழந்தைக்குச் சோறு நல்லபடியாகப் போய்ச் சேரட்டும் என்று வேண்டுவதில் எனக்கு மறுப்பு ஒன்றும் இல்லை. அதுவும் ஒவ்வாதவர்கள் அந்த நேரத்தில் வெளியே வந்துவிடலாம்.

மலாவிப் பயணத்தைப் பற்றிச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அங்கே பணிபுரிந்த ஒருவர் இந்தக் குழுவில் இருக்கிறார், அவர் பார்த்துப் பதில் எழுதுவார் என்று நம்புகிறேன்.

பதில்: கணக்கன்

கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன், கசந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொட்டலம் கட்டுவது இயந்திரம் நொடியில் முடித்துவிடும் வேலை. நன்கொடையாளர்களைச் சேர்ப்பதற்கும் அவர்கள் நெஞ்சில் ஓர் ஈடுபாட்டை உண்டாக்குவதற்கும் அதை மனிதர் கையில் கொடுத்திருக்கிறார்கள். அதில் தவறு இல்லை. ஆனால் அமெரிக்காவில் விளைந்த அரிசியை அமெரிக்காவில் பையில் அடைத்துக் கப்பலேற்றி அனுப்புவதுதான் பசிக்குச் சிறந்த மருந்து என்ற எண்ணம் மட்டும் வேண்டாம்.

ஹெய்ட்டியின் கதையைத் தங்கள் மகளிடம் சொல்லுங்கள். கரீபியன் கடலில் உள்ள அந்நாடு 1980களின் தொடக்கம் வரை தனக்கு வேண்டிய அரிசியின் பெரும் பகுதியைத் தானே விளைவித்துக்கொண்டது. 1995இல் அரிசி மீதான இறக்குமதி வரி வெறும் 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அமெரிக்க அரசின் மானியத்தில் விளைந்த அரிசி வந்து குவிந்தது. அந்த விலைக்கு ஆர்ட்டிபோனைட் பள்ளத்தாக்கின் நெல் விவசாயிகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. அந்தக் கொள்கையை முன்னின்று நடத்திய பில் கிளின்டனே 2010 மார்ச்சில் அமெரிக்க மேலவைக் குழுவின் முன் அதற்கு வருத்தம் தெரிவித்தார். தன் சொந்த மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகளுக்கு அது நன்மை செய்திருக்கலாம், ஆனால் பலிக்கவில்லை என்ற பொருளில் பேசினார்.

அது வணிகம், இது தானம் என்று யாரேனும் சொல்லக்கூடும், அது சரியே. பள்ளியில் சமைத்துக் குழந்தையின் தட்டில் விழும் சோறு சந்தை விலையை அவ்வளவாகப் பாதிக்காது. ஆயினும் கடற்கரையே இல்லாத மலாவிக்கு ஒரு கொள்கலன் போக வேண்டுமானால், மொசாம்பிக்கின் பெய்ரா, நகாலா போன்ற துறைமுகங்களில் இறங்கி, அங்கிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தரைவழியாகப் போக வேண்டும். அந்தக் கூலியில் உள்ளூர் மக்காச்சோளம் எத்தனை மூட்டை வாங்கலாம் என்று கேட்பதில் என்ன தவறு?

ஆளுக்கு 3,500 டாலர் செலவழித்துப் போய் மளிகைப் பை நீட்டுவது பற்றி நான் கருத்துச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பதில்: பிளான்டயர் சிஸ்டர்

ஆப்பிள்வேலி அம்மா குறிப்பிட்டது என்னைத்தான். நான் வேலூரில் செவிலியர் படிப்பு முடித்து, பின்னர் மலாவியின் பிளான்டயர் நகரில் ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான பிரிவில் பணிபுரிந்தேன். எனவே மேசையின் மறுமுனையில் பார்த்ததை எழுதுகிறேன்.

முதலில் ஜூலை மாதத்தைப் பற்றி. மலாவியில் மழை நவம்பரில் பிடித்து மார்ச், ஏப்ரல் வரை பெய்யும். மக்காச்சோளம் ஏப்ரலிலும் மே மாதத்திலும் அறுவடையாகும். ஆகவே ஜூலையில் வீட்டுக் குதிரில் ஏதோ கொஞ்சமாவது தானியம் இருக்கும், சந்தையில் விலை இறங்கியிருக்கும். பட்டினி காலம் என்பது ஜனவரி, பிப்ரவரி, மார்ச். பழைய தானியம் தீர்ந்து, புதுக்கதிர் பால் பிடித்துக்கொண்டிருக்கும் அந்த மாதங்களில்தான் எங்கள் பிரிவில் கட்டிலுக்கு இரண்டு குழந்தைகளைப் படுக்க வைக்க நேர்ந்தது. அப்போது மண்சாலைகள் சேறாகிவிடும், பள்ளி விடுமுறையில் வரும் பயணக் குழுக்கள் ஒன்றையும் பார்க்க முடியாது. அவர்கள் வருவது அமெரிக்கக் கோடை விடுமுறைக்குத் தோதான மாதத்தில். இதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உணவு வழங்கத்தான் போகிறோம் என்றால் எந்த மாதத்தில் போகிறோம் என்பதை யாரேனும் யோசித்திருக்க வேண்டும். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் இந்தக் கணக்கு மாறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்: எல்நினோ வறட்சியால் 2024 மார்ச்சில் அந்நாட்டின் 28 மாவட்டங்களில் 23 பேரிடர் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன.

இரண்டாவது, "பசித்த குழந்தை" என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுவது இரண்டு வேறு நிலைகளை. பள்ளிக்கு வெறும் வயிற்றோடு வரும் குழந்தைக்கு ஒரு குவளைக் கஞ்சி போதும், அதன் பாடத்தில் கவனம் நிற்கும், மறுநாளும் பள்ளிக்கு வரும். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாட்டில் விழுந்துவிட்ட ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் நிலை வேறு. அதன் மேல்கையின் நடுப்பகுதியில் ஒரு நாடாவைச் சுற்றிப் பார்ப்போம்; சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் நாடாவின் சிவப்புப் பகுதி தெரியும். அந்தக் குழந்தைக்கு அரிசியும் சோயாவும் மருந்தாகா. உடல் வெகுவாக ஒடுங்கிய நிலையில் திடீரென்று நிறைய உணவைக் கொடுத்தால் இரத்தத்தில் உப்புகளின் அளவு தடுமாறி உயிருக்கே ஆபத்தாகும். உணவில் நாட்டமே இல்லாமல் காய்ச்சலோடும் வீக்கத்தோடும் வரும் குழந்தைகளை உள்நோயாளியாகச் சேர்த்து, எஃப்-75 என்ற நீர்த்த மருத்துவப் பாலைச் சிறிது சிறிதாக, இரவிலும் விழித்திருந்து கொடுப்போம்.

நாட்டம் இருக்கும் குழந்தைகளுக்கு நிலக்கடலைப் பசை. கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின் தாதுக்கள் சேர்ந்தது. நம் ஊர்க் கடலைமிட்டாயைக் குழைத்துப் பையில் அடைத்ததைப் போல இருக்கும். 92 கிராம் பையில் 500 கலோரி. தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை என்பதால் கிருமிக்கு இடமில்லை, தாய் வீட்டுக்கே எடுத்துப் போய் ஊட்டலாம். ஒரு குழந்தை தேறுவதற்குச் சில வாரங்களில் ஏறத்தாழ 150 பைகள், அதாவது ஓர் அட்டைப்பெட்டி. 1996இல் பிரான்சில் ஆந்த்ரே பிரியாந்த், மிஷேல் லெஸ்கான் ஆகியோர் இதை உருவாக்கினார்கள். குழந்தையை வீட்டிலேயே வைத்து இதைக் கொண்டு குணப்படுத்தலாம் என்பதை மலாவியில் செய்து காட்டியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் மார்க் மனாரி. அவர் தொடங்கிய அமைப்பு பிளான்டயரிலேயே, அந்நாட்டு விவசாயிகள் விளைவித்த கடலையைக் கொண்டு இந்தப் பசையைத் தயாரித்தது. கணக்கன் அவர்களின் கேள்விக்கு ஒரு பதில் அங்கே இருக்கிறது.

மூன்றாவதாக, பள்ளியில் பரிமாறுவது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மேரிஸ் மீல்ஸ் அமைப்பு 2002இல் மலாவியில் 200 குழந்தைகளோடு தொடங்கியது. இன்று பல நாடுகளில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளி நாள்களில் உணவு போகிறது. மலாவியில் கொடுப்பது சோளமாவும் சோயாமாவும் சத்துப்பொடியும் கலந்த கஞ்சி, அங்கேயே தயாராவது. அந்தக் கஞ்சியைக் காய்ச்சுவது யார் தெரியுமா? அந்தந்தக் கிராமத்துத் தாய்மாரும் பாட்டிமாரும். முறைவைத்து, விடியுமுன்னே வந்து, அடிகுழாயில் தண்ணீர் பிடித்துத் தலையில் சுமந்து, அண்டாவில் கொதிக்கும் கஞ்சியைத் துடுப்பு அளவுள்ள மரக்கரண்டியால் கிண்டி, வரிசையில் நீட்டப்படும் பிளாஸ்டிக் குவளைகளில் ஊற்றிவிட்டுத்தான் தங்கள் வயலுக்குப் போவார்கள். சம்பளம் கிடையாது. தன்னார்வத் தொண்டர் என்ற பெயர் உண்மையில் அவர்களுக்குத்தான் உரியது. வெளிநாட்டுப் பெண் ஒருத்தி பத்து நாள் வந்து அந்தக் கரண்டியை வாங்கிக்கொண்டால் அவர்கள் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். விருந்தாளியை மறுக்கும் பழக்கம் அவர்களுக்கு இல்லை. ஆனால் அந்த இடத்தில் ஆள் குறைவு என்று மட்டும் எண்ண வேண்டாம்.

மளிகைப் பை பற்றி ஒரு சொல். பட்டியல் இல்லாமல், கிராமத் தலைவரையும் சுகாதாரப் பணியாளரையும் கலக்காமல் பைகளை இறக்கினால், வலுத்தவர் கைக்குத்தான் அவை முதலில் போகும். ஊரில் சண்டையும் மிஞ்சும். அந்தக் குழு யாரோடு சேர்ந்து பட்டியல் போட்டிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

பதில்: பழைய மாணவன்

இந்த உரையாடலைப் படித்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. பொட்டலத்தைக் கட்டுபவர்களின் கோணமும் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களின் கோணமும் வந்துவிட்டன. அதைத் தின்றவன் ஒருவனும் பேசலாம் அல்லவா? 1960களில் திருநெல்வேலி மாவட்டத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் படித்தவன் நான். காமராசர் 1956இல் தொடங்கி விரிவாக்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு அப்போது கேர் நிறுவனத்தின் வழியாக அமெரிக்காவிலிருந்து பால் பவுடரும் சோளமாவும் எண்ணெயும் வந்தன. மஞ்சள் நிறத்தில் அந்த மாவை உப்புமாவாகக் கிண்டி, வாதாமர இலையிலும் அலுமினியத் தட்டிலும் வைப்பார்கள். சமைக்கத் தெரியாத பொருளைச் சமைக்க வேண்டிய நிலை ஆயாவுக்கு. அடிபிடித்த நாளிலும் வழித்துத் தின்றோம். எண்ணெய் டின்னின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். அந்தக் கைகளுக்கு உரியவர் யார் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

கணக்கன் சொல்வதைப் போல, அந்த உதவிக்குப் பின்னால் அமெரிக்கா தன் உபரி தானியத்தைத் தள்ளிவிட 1954இல் இயற்றிய பி.எல். 480 சட்டமும் அதன் அரசியலும் இருந்தன. அதைப் பெரியவனான பின்பு படித்தேன். அதனால் நான் தின்ற உப்புமா இல்லையென்று ஆகிவிடாது. அதை நம்பிப் பள்ளிக்கு வந்தவர்கள் என் வகுப்பில் பாதிப் பேர்.

ஆனால் எங்கள் மாவட்டத்தில் அது நிலைத்ததற்குக் காரணம் கப்பல் அன்று. அந்தத் திட்டம் மாநில அரசின் வரவு செலவில் இடம் பெற்றது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் நம் அரிசியும் பருப்பும் வந்தன. அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று உள்ளூர்ப் பெண்களுக்குச் சம்பளத்தோடு வேலை வந்தது. பிறகு முட்டையும் வந்தது. நன்கொடையாளர் வருவாரா மாட்டாரா என்று இன்று எந்தப் பிள்ளையும் பார்த்திருக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் இடையில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடின, அந்த இடைவெளியை ஒருவர் நிரப்ப வேண்டியிருந்தது என்பதையும் மறுக்க மாட்டேன்.

ஈகன்வாசி ஐயா, தாங்கள் எந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த வரிசையில் விசாரியுங்கள். தானியத்தை எங்கே வாங்குகிறார்கள், யார் சமைக்கிறார்கள், அந்நாட்டுக் கல்வித் துறைக்கு அதில் என்ன பங்கு, நன்கொடை குறைந்த ஆண்டில் எந்தப் பள்ளியை நிறுத்துவார்கள், அதை எப்படி முடிவு செய்வார்கள். கடைசிக் கேள்விக்குத் தெளிவான விடை வைத்திருப்பவர்களை நான் நம்புவேன்.

பதில்: ஆப்பிள்வேலி அம்மா

கணக்கன் தம்பிக்கு ஒரு விளக்கம். இயந்திரம் செய்யும் வேலை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் அந்தக் கூடத்துக்கு வந்து போன பிறகுதான் எங்கள் பெற்றோர் குழுவில் சிலர் மாதந்தோறும் பணம் கொடுக்கத் தொடங்கினார்கள், பிள்ளைகள் உலக வரைபடத்தில் ஹெய்ட்டியைத் தேடினார்கள். வெறும் கட்டுரையைக் கொடுத்திருந்தால் அது நடந்திருக்காது. அதோடு, சிஸ்டர் சொன்ன சமைக்கும் தாய்மார் இல்லாத இடங்களும் உண்டு. கலவரத்தில் சந்தையே மூடிக்கிடக்கும் ஊரில், கையில் காசு இருந்தாலும் வாங்க அரிசி இல்லாத நேரத்தில், வெந்நீரில் இருபது நிமிடம் கொதித்தால் சாப்பாடாகிவிடும் பை ஒன்று கிடங்கில் இருப்பது நல்லதுதானே?

பதில்: கணக்கன்

அந்த நேரத்தில் நல்லதுதான் அம்மா, அதில் எனக்கு மறுப்பு இல்லை. சந்தை இயங்கும் இடத்தில் பணமும் உள்ளூர்த் தானியமும், சந்தை முடங்கிய இடத்தில் மூட்டையும் பையும் என்பதே என் கட்சி. உலக உணவுத் திட்டம் போன்ற பெரிய அமைப்புகளே இன்று உதவியின் ஒரு பகுதியை ரொக்கமாகவும் அட்டையாகவும் கொடுத்து, வேண்டியதைக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகின்றன.

கேட்டவர்: ஈகன்வாசி

நேரம் எடுத்து எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு எல்லாப் பதில்களையும் மகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். ஜூலை மாதத்துச் செய்தியைக் கேட்டதும் அவளே, "அப்படியானால் நாம் போவது அவர்களுக்காக இல்லை, அப்பா" என்று சொல்லிவிட்டாள். தோழியின் குடும்பத்தாரிடம் பட்டியலைப் பற்றியும் விசாரித்தேன். உள்ளூர்ச் சபையார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு மேல் அவர்களுக்கு விவரம் தெரியவில்லை. ஆகவே பயணம் இல்லை என்று முடிவு செய்துவிட்டோம்.

ஈகன் கூடத்தில் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமைக்கு நால்வருக்கும் இடம் பதிந்திருக்கிறோம். பயணத்துக்கு ஒதுக்க நினைத்த தொகையில் ஒரு பகுதியைப் பள்ளிக் கஞ்சிக்கும், ஒரு பகுதியைக் கடலைப் பசைக்கும் ஜனவரிக்குள் போய்ச் சேரும்படி கொடுக்க எண்ணுகிறோம். மகள் தன் பள்ளியில் இதைப் பற்றிப் பேசப் போகிறாளாம். சிஸ்டர் அவர்களிடம் கேட்பதற்குப் பத்துக் கேள்விகள் எழுதி வைத்திருக்கிறாள், அனுப்பலாமா? இன்னும் ஒரே ஓர் ஐயம்: நான் பணிபுரியும் நிறுவனம் ஊழியர் தரும் நன்கொடைக்கு ஈடாகத் தானும் ஒரு பங்கு கொடுக்கும். ஸ்காட்லாந்து அமைப்புக்குக் கொடுத்தால் அது செல்லுமா?

பதில்: பிளான்டயர் சிஸ்டர்

கேள்விகளைத் தனிமடலில் அனுப்பச் சொல்லுங்கள், பிப்ரவரி மாதத்து வார்டைப் பற்றிக் கேட்டால் விரிவாகவே எழுதுகிறேன்.

பதில்: கணக்கன்

பணத்தை நேரடியாக ஸ்காட்லாந்துக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். வருமான வரிக் கழிவு கிடைக்காது. மேரிஸ் மீல்ஸ் அமைப்புக்கு அமெரிக்காவில் தனியாகப் பதிவு பெற்ற கிளை இருக்கிறது. அதற்குக் கொடுத்து, ரசீதில் உள்ள வரி அடையாள எண்ணைத் தங்கள் நிறுவனத்தின் நன்கொடைத் தளத்தில் பதியுங்கள். சமய அமைப்புகளுக்கு ஈட்டுத்தொகை தருவதில்லை என்று சில நிறுவனங்கள் விதி வைத்திருப்பதால், ஈகன் கூடத்துக்கும் பணம் கொடுப்பதாக இருந்தால் மனிதவளத் துறையினரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்டுக் கணக்கு டிசம்பர் 31 அன்று முடிவதையும் மறந்துவிடாதீர்கள்.